வாசிக்க முடியாத கோப்புகள் - பழவேற்காடு சொல்லும் பாடம்

வெளிப்புற வன்தட்டு ஒன்றைக் கணினியில் செருகுகிறார் ஒருவர். விளக்கு எரிகிறது, தட்டு சுழலும் சத்தமும் கேட்கிறது. ஆனால் திரையில் வருவது ஒரே ஒரு செய்தி: "இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?" ஐந்து வருடப் புகைப்படங்கள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், தாத்தா பேசிய ஒலிப்பதிவு என எல்லாமே அதற்குள் இருக்கின்றன. இருந்தும் இல்லை! பதற்றத்தில் பலர் "ஆம்" என்று அழுத்திவிடுகிறார்கள். பாதி இழப்பு அந்த ஒரு சொடுக்கில்தான் நடக்கிறது.

இது கணினி வந்த பிறகு வந்த பிரச்சினை என்று தோன்றும். உண்மை அதுவல்ல. எழுதி வைத்தது இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது என்ற நிலைமைக்குப் பல நூறு வருட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதையும் ஒரே ஊரை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த ஊர் பழவேற்காடு.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஆங்கிலத்தில் புலிக்காட். இங்குள்ள ஏரி உண்மையில் ஏரி அல்ல, கடலோடு முகத்துவாரம் வழியாகத் தொடர்புள்ள உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. கரையைச் சுற்றிலும் குப்பங்கள். இறால், நண்டு, மடவை என்று ஏரி கொடுப்பதை வைத்து வாழும் மக்கள்.

இன்று அமைதியாக இருக்கும் இந்த ஊர், 17-ஆம் நூற்றாண்டில் ஆசியாவின் முக்கியமான வணிகத் துறைமுகங்களில் ஒன்று. 1602-ல் தொடங்கப்பட்ட டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612-ல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த வருடமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு நிர்வாகம் இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. துணி ஏற்றுமதி, வெடிமருந்து உற்பத்தி எல்லாமே இங்கு உண்டு.

கம்பெனி என்றால் கணக்கு. கணக்கு என்றால் காகிதம். எந்தக் கப்பல் வந்தது, என்ன ஏற்றியது, யாருக்கு எவ்வளவு கடன், எந்த நெசவாளர் ஊரில் என்ன விலை என்று தினமும் எழுதினார்கள். அந்த எழுத்துகள் எங்கே போயின? இன்று யார் அவற்றை வாசிக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதும், கெட்டுப்போன வன்தட்டைச் சரி பார்ப்பதும் ஒரே வேலைதான். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

முதல் கேள்வி: பொருள் நன்றாக இருக்கிறதா?

வன்தட்டு என்பது காந்தப்பூச்சு பூசிய வட்டத்தகடு. 1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அடங்கியது வெறும் 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்றைய தட்டு உள்ளங்கையில் அடங்குகிறது. வாசிக்கும் முனை, சுழலும் தகட்டுக்கு மேலே ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தட்டு ஓடும்போது கீழே விழுந்தால் அந்த முனை தகட்டைக் கீறிவிடும். "டிக் டிக்" என்ற சத்தம் அதன் அறிகுறி. கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு இணைப்பு முனைகளை அரிக்கும்.

காகிதத்துக்கும் இதே கதைதான். அந்தக்கால ஐரோப்பியர் பயன்படுத்திய மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. இரண்டுமே இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எழுதும்போது அழகான கறுப்பு. ஆனால் அதிலுள்ள இரும்பும் அமிலமும் காலப்போக்கில் காகிதத்தையே தின்றுவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். ஈரக்காற்று இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். எழுதிய மையே எழுத்தை அழிக்கும் விந்தை இது.

ஓலைச்சுவடிக்குக் கரையானும் பூச்சியும் எதிரி. அதனால்தான் நம் முன்னோர் சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார்கள். பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. புதிதாகப் படி எடுக்காமலேயே பழையதை ஆற்றில் விட்டபோதுதான் நூல்கள் அழிந்தன.

இங்கே கிடைக்கும் முதல் விதி: பொருள் பழுதாகியிருந்தால் முதல் வேலை வாசிப்பதல்ல, படி எடுப்பது. ஆவணக் காப்பகத்தில் உடையும் நிலையிலுள்ள தாளைத் திரும்பத் திரும்பப் புரட்ட விடமாட்டார்கள். ஒருமுறை படம் பிடித்து, பிறகு படத்தைத்தான் வாசிக்கக் கொடுப்பார்கள். வன்தட்டிலும் அப்படியே. 'டிடிரெஸ்க்யூ' போன்ற இலவச மென்பொருள், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயன்று பார்க்கும். அந்த நகலின் மீதுதான் எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். பழுதான தட்டிலேயே "எரர் செக்கிங்" ஓட்டுவது, உடையும் தாளை இஸ்திரி போடுவதற்குச் சமம்.

இரண்டாம் கேள்வி: அட்டவணை இருக்கிறதா?

தகடு நன்றாக இருந்தும் கோப்பு தெரியாமல் போவதுண்டு. வன்தட்டில் கோப்புகள் துண்டு துண்டாக எங்கெங்கோ கிடக்கும். எது எங்கே என்பதைச் சொல்ல ஓர் அட்டவணை உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் அந்த அட்டவணைதான் முதலில் குழம்பும். பென் டிரைவ்களில் இருக்கும் பழைய 'ஃபாட்' முறையில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாற்றப்பட்டு, அதன் இடம் காலி என்று குறிக்கப்படும். உள்ளடக்கம் அப்படியே கிடக்கும், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை. அதனால்தான் அழிந்த கோப்பைத் தேடும்போது அதே தட்டில் எதையும் புதிதாகச் சேமிக்கக் கூடாது என்கிறார்கள்.

டச்சு ஆவணங்களின் அளவைக் கேட்டால் இதன் அருமை புரியும். கம்பெனியின் ஆவணங்களாக உலகம் முழுவதும் எஞ்சியிருப்பவை சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். நெதர்லாந்தின் ஹேக், இந்தோனேசியாவின் ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், நம்ம சென்னை என்று பல ஊர்களில் அவை பிரிந்து கிடக்கின்றன. ஹேக் நகரில் உள்ளவற்றை வரிசையாக அடுக்கினால் மட்டும் 1.2 கிலோமீட்டர் நீளம் வரும்! 2003-ல் யுனெஸ்கோ இவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பக்கங்களில் பழவேற்காடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. காரணம் பெயர். டச்சுக்காரர்கள் எழுதியது 'பலியகாட்டா' என்று. அதையும் ஒரே மாதிரி எழுதவில்லை, குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும். சதுரங்கப்பட்டினம் 'சத்ராஸ்' ஆனது. பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ' என்று முற்றிலும் வேறு பெயரில் இருக்கிறது. கோப்பு இருக்கிறது, பெயர் தவறாக இருக்கிறது. அட்டவணை கெட்ட வன்தட்டும் இப்படித்தான்.

அட்டவணையே இல்லாவிட்டால் என்ன செய்வது? உள்ளடக்கத்தை நேரடியாகப் பார்த்து அடையாளம் காண வேண்டும். 'ஃபோட்டோரெக்' என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு தொடக்கம் உண்டு. 'ஜேபெக்' படம் என்றால் அதன் முதல் இரண்டு பைட்டுகள் எப்போதும் எஃப்எஃப், டி8 என்றுதான் இருக்கும். 'பிடிஎஃப்' கோப்பின் தொடக்கத்தில் அந்தப் பெயரே எழுதியிருக்கும். அட்டவணையைப் பார்க்காமல் தட்டு முழுவதையும் வருடி, இப்படித் தொடங்குவதையெல்லாம் அது பிரித்தெடுக்கும். பெயரும் தேதியும் தொலைந்து போகும், படம் கிடைத்துவிடும். உறை கிழிந்த பழைய கடிதத்தை, தொடக்க வாசகத்தை வைத்தே இன்ன வகைக் கடிதம் என்று ஆய்வாளர் சொல்வதும் இதே வித்தைதான்.

மூன்றாம் கேள்வி: எழுத்து தெரிகிறதா?

இதுதான் தமிழர்களுக்கு மிக நெருக்கமான கேள்வி. கோப்பு திறக்கிறது, எழுத்தும் வருகிறது, ஆனால் எல்லாம் பெட்டி பெட்டியாகவோ, தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளாகவோ இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் அந்தக் கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. வாசிப்பவருக்குத்தான் எந்தக் குறியேற்றம் என்று தெரியவில்லை.

பழவேற்காட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கு நெடுங்காலமாக வாழும் தமிழ் முஸ்லிம்களிடையே அர்வி என்னும் அரபுத் தமிழ் வழக்கில் இருந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை என்று பல இடங்களிலும் இது பரவியிருந்தது. மொழி தமிழ், எழுத்து அரபு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி எழுதிய தாளைத் தமிழ் மட்டும் படித்தவரிடம் கொடுத்தால் "இது அரபு" என்பார். அரபு மட்டும் படித்தவரிடம் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பார், பொருள் புரியாது. எழுதியதோ சுத்தமான தமிழ்! இதைவிடத் தெளிவாகக் குறியேற்றம் என்றால் என்ன என்று விளக்க முடியாது.

ஓலைச்சுவடியிலும் இந்தச் சிக்கல் உண்டு. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சுக் காலத்தில் இவை தெளிவானதில் வீரமாமுனிவரின் (1680-1747) எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பங்குண்டு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நூலின் பல சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சரியான பாடத்தைக் கண்டார். ஒரு படியில் பழுதானது இன்னொரு படியில் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த உழைப்பின் அடிப்படை.

நூறு வருடம் கழித்துத் தமிழ் கணினிக்குள் நுழைந்தபோது அதே குழப்பம் மறுபடியும் வந்தது. ஆளாளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். நாளிதழ்களும் வார இதழ்களும் தங்கள் இணையதளங்களுக்குத் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. இணையத்தில் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே 'டிஸ்கி' தரத்தை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டின்போது யுனிகோடும் 'டேஸ் 16'-ம் அரசின் தரங்களாயின.

தரங்களுக்குள் என்ன வேறுபாடு? 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கியில் இது 4 பைட். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட். 'கொ' என்ற எழுத்தை டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று வைக்கும். யுனிகோடு உச்சரிக்கும் வரிசையில் முதலில் க, பிறகு உயிர்க்குறி என்று வைக்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் வருவது குப்பைதான். ஆனால் அந்தக் குப்பைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. யுடிஎஃப்-8 தமிழைத் தவறாக வாசித்தால் மூன்று எழுத்துக்கு ஒருமுறை, தலையில் கோடு போட்ட அதே ரோமன் 'ஏ' திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தால் மகிழ்ச்சி அடையலாம், ஏனென்றால் கோப்பு முழுசாக இருக்கிறது. பொங்குதமிழ், என்எச்எம் போன்ற மாற்றிகள் பழைய குறியேற்றங்களிலிருந்து எத்தனையோ கோப்புகளை இப்படி மீட்டிருக்கின்றன. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றியதால்தான் இன்றும் அவை வாசிக்கக் கிடைக்கின்றன.

நான்காம் கேள்வி: வாசிக்கும் கருவி இருக்கிறதா?

இங்கிலாந்தில் 1086-ல் 'டூம்ஸ்டே' என்ற நிலக் கணக்குப் புத்தகம் எழுதப்பட்டது. அதன் 900-வது ஆண்டை ஒட்டி 1986-ல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டே தயாரித்தது. சுமார் பத்து லட்சம் பேர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். எல்லாம் லேசர் டிஸ்க்கில் பதிவானது. பதினைந்தே வருடத்தில் அந்த டிஸ்க்கை வாசிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன! 900 வருடப் புத்தகத்தையோ பயிற்சி உள்ளவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 2002-ல் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதி அதை மீட்டார்கள்.

நாசாவும் தப்பவில்லை. 1966-67-ல் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்களின் காந்த நாடாக்கள் பத்திரமாக இருந்தன. ஓட்டும் இயந்திரம்தான் எங்கும் இல்லை. காப்பாளர் ஒருவர் தூக்கிப் போட மனமில்லாமல் பல வருடம் வைத்திருந்த பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்து, 2008-ல் படங்களை மீட்கத் தொடங்கினார்கள். அந்த வேலை நடந்த இடம், மூடப்பட்ட ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை!

டச்சு ஆவணத்துக்குத் தேவையான கருவி மனிதன்தான். டச்சு மொழி தெரிந்தால் போதாது, 17-ஆம் நூற்றாண்டு டச்சு தெரிய வேண்டும். அதற்கு மேல் அந்தக் காலக் கூட்டெழுத்துக் கையெழுத்தை வாசிக்கப் பழக வேண்டும். இன்றைய நெதர்லாந்துக்காரரே பயிற்சி இல்லாமல் ஒரு வரி வாசிக்கத் திணறுவார். சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணத் தொகுதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பகுதி கொச்சியை மையமாகக் கொண்ட மலபார் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. அவற்றை நேரடியாக வாசிக்கக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலர்தான். அதாவது, கருவி இல்லாத நாடா.

அண்மைக் காலத்தில் இதற்கும் வழி பிறந்திருக்கிறது. கையெழுத்தை வாசிக்கக் கணினிக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 'குளோபலைஸ்' திட்டம், ஆசியாவிலிருந்து நெதர்லாந்துக்குப் போன கம்பெனிக் கடிதங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் பணியில் இறங்கியிருக்கிறது. 'பலியகாட்டா' என்று தட்டித் தேடும் வசதி, நானூறு வருடத்தில் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஐந்தாம் கேள்வி: இன்னொரு படி எங்கே?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. கெல்ட்ரியா கோட்டை இன்று இல்லை. 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், போர் முடிந்ததும் டச்சுக்காரர்களிடம் போனது, 1795-ல் மறுபடி ஆங்கிலேயர் பிடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை தகர்க்கப்பட்டது. 1818-ல் திரும்பக் கொடுத்தார்கள், 1824 ஒப்பந்தப்படி 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. இத்தனை கைமாறியும் கோட்டையில் எழுதியவற்றில் பெருந்தொகை எப்படிப் பிழைத்தது?

கம்பெனியின் ஒரு பழக்கத்தால் பிழைத்தது. கப்பல் மூழ்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே முக்கியமான கடிதத்தைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா), அங்கிருந்து நெதர்லாந்துக்கு என்று படிகள் பயணித்தன. இன்று 'பேக்கப்' என்று சொல்வதை அவர்கள் பாய்மரக் கப்பலில் செய்தார்கள்.

இன்னொரு சான்று, 1632 முதல் பத்து வருடம் பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜெரியஸ். அவர் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1651-ல் லெய்டனில் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலில் போனது அந்த நூலில்தான். கோட்டை போனது, அவர் வேலை செய்த ஆலயமும் போனது, நூல் இருக்கிறது. பல படிகள் இருந்ததே காரணம்.

ஊரிலேயே மிஞ்சிய டச்சு எழுத்து, கல்லறைக் கல்லில் செதுக்கியதுதான். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறையை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும் அந்தக் கல்லெழுத்துகள் இன்னும் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன.

எதற்காக இவ்வளவு சிரமம்?

பழைய கணக்குப் புத்தகத்தை வாசித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். அந்தக் கணக்குகளில் இருப்பது மிளகும் துணியும் மட்டுமல்ல. பஞ்ச காலங்களில் விற்கப்பட்டும் தங்களையே விற்றுக்கொண்டும் அடிமைகளாகப் பழவேற்காட்டிலிருந்தும் பிற சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேற்றப்பட்ட மக்களும் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெயராக அல்ல, எண்ணிக்கையாக. அவர்கள் பத்தாவியாவுக்குப் போனார்கள், இலங்கைக்குப் போனார்கள், திரும்பவில்லை. அவர்களைப் பற்றி ஊரில் கல்வெட்டு இல்லை, கல்லறை இல்லை. கூட்டெழுத்து டச்சில் எழுதிய ஒரு வரிதான் அவர்கள் இருந்ததற்கே சாட்சி. அந்த வரி வாசிக்கப்படாவிட்டால் அவர்கள் இல்லவே இல்லை என்றாகிவிடும்.

மறுபக்கம், குப்பங்களின் சொந்த வரலாற்றை யார் எழுதி வைத்தார்கள்? ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களை ஒரே ஆள் பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் மரபு. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இந்த உரிமையைப் பாரம்பரியமாக உடையவை. 1991-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. இந்த உரிமையின் முக்கியமான காப்பகம் ஊர்ப் பெரியவர்களின் நினைவுதான். எந்த இடம் எவ்வளவு ஆழம், யார் முறை எப்போது, எந்தத் தகராறு எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் அவர்களோடு இருக்கிறது. ஒரு பெரியவர் இறந்தால் ஒரு வன்தட்டு நின்றுபோகிறது. அதை மீட்க எந்த மென்பொருளும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி கடலோரக் குப்பங்களில் அடித்துப் போனவற்றில் படகும் வலையும் மட்டுமல்ல, வீட்டுப் பெட்டியில் இருந்த காகிதங்களும் உண்டு. ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ். அரசு அலுவலகத்தில் பதிவு இருந்த காகிதங்களுக்கு மறுபடி நகல் கிடைத்தது. ஒரே ஒரு படிதான் இருந்த குடும்பப் புகைப்படமும் கைக்கணக்கும் திரும்ப வரவில்லை.

மறுபடி வன்தட்டுக்கு

ஆகவே, திரையில் "ஃபார்மட் செய்யலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டு இந்த வரிசையில் போகலாம். முதலில் வயரையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பது. இன்னொரு கணினியில் செருகிப் பார்ப்பது. டிக் டிக் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பது. சத்தம் இல்லை என்றால் முழுத் தட்டையும் வேறொரு தட்டுக்கு நகலெடுப்பது. நகலின் மீது அட்டவணையைச் சரிசெய்ய முயல்வது. அது நடக்காவிட்டால் தொடக்கக் குறியை வைத்துக் கோப்புகளைப் பிரித்தெடுப்பது. எழுத்து குப்பையாக வந்தால் அழிக்காமல், எந்தக் குறியேற்றம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது.

எல்லாம் முடிந்து கோப்பு கிடைத்துவிட்டால், அன்றைக்கே இன்னொரு படி எடுத்து வேறொரு ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து வைப்பது நல்லது. தாத்தாவின் ஒலிப்பதிவாக இருந்தால், அவர் பேசியது என்ன, யாரைப் பற்றி, எந்த வருடம் என்று நாலு வரி எழுதியும் வைக்கலாம். பழவேற்காட்டுக் கோட்டை மண்மேடாகிப் புதர் மண்டிக் கிடக்கிறது. அங்கிருந்து கப்பலேறிய படிகளோ இன்றும் ஹேக் நகரில் பத்திரமாக இருக்கின்றன!